குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மேன்முறையீடு உண்டா?



சித்தூரும் திருப்பதியும் தமிழருக்கு அயலூர்கள் அல்ல. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் ஒரு பெரும் பகுதியைக் கொண்டு அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும் வரையில் சென்னையோடுதான் இணைந்திருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெற்றது. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினும், இவ்வூர்களின் கடைவீதியிலும் கோயில் வாயிலிலும் பேருந்து நிலையத்திலும் தமிழ் மட்டும் அறிந்தவர் ஒருவர் பெரிதும் இடர்ப்படாமல் தம் அலுவலை முடித்துக்கொண்டு திரும்பலாம்.

ஓரிடத்தில் மட்டும் அது இயலாது. அவ்விடம் நீதிமன்றம்.

ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நேரம்' என்ற சொல் தமிழில் காலத்தைக் குறிக்கும். அதே ஒலியுடைய சொல் தெலுங்கில் குற்றத்தைக் குறிக்கும். 'நேரத்தை ஒப்புக்கொள்கிறாயா?' என்னும் கருத்துப்படத் தெலுங்கில் கேட்கும்போது, கூண்டில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியின் காதில் விழுவது பழகிய சொல். விளங்குவதோ வேறு பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோருக்கு இத்தகைய இரட்டைச் சொற்கள் அன்றாட வேடிக்கை. ஆனால் 'ஆம்' என்று தலையசைத்தவுடன் மேல் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டுவிடும் இடத்தில் அது வேடிக்கையாகாது. அக்கதவு எப்போது அடைபடுகிறது, எவ்வளவு அடைபடுகிறது, அதற்குமுன் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைத்தொடரில் செம்மரம் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இயல்பாக மிகுதியாய் வளராத இம்மரத்தை வெட்டுவதும் கடத்துவதும் ஆந்திர வனச் சட்டப்படி குற்றம். கூலி ஆசை காட்டப்பெற்று, ஜவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து அழைத்துச் செல்லப்படும் ஏழைத் தொழிலாளர் பலர் இக்காட்டில் பிடிபட்டிருக்கின்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் இக்காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்ட செய்தி நாடறிந்தது. 2022இல் செம்மர வழக்குகளுக்கென்றே திருப்பதியில் தனி நீதிமன்றங்கள் தொடங்கப்பெற்றன. மரம் வெட்டியதாகக் கூறப்படுவோரை அன்றி, விபத்து வழக்கில் சிக்கிய லாரி ஓட்டுநரும், அடிதடி வழக்கில் சேர்க்கப்பட்ட ஓட்டல் பணியாளரும் இந்நீதிமன்றங்களின் படியேறுகின்றனர். 'ஒப்புக்கொண்டுவிட்டால் விரைவில் வீட்டுக்குப் போகலாம்' என்ற அறிவுரை இவர்கள் எல்லாருக்கும் யாரேனும் ஒருவர் வாயிலாகக் கிடைத்துவிடுகிறது. அவ்வறிவுரை சில வேளைகளில் நன்று. சில வேளைகளில் பெருந்தீங்கு. எது எப்போது என்பதை அறியச் சட்டத்தைச் சிறிது காண வேண்டும்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையைக் கைவிட்டுக் குற்றத்தை ஏற்றுக்கொள்ள, அதற்கு ஈடாகக் குறைந்த தண்டனை பெறும் ஏற்பாட்டைக் 'குற்ற ஒப்புதல் பேரம்' என்பர. நம் நாட்டில் நெடுங்காலம் இதற்குச் சட்டத்தில் இடமில்லை. உச்ச நீதிமன்றமும் இதனை வன்மையாகக் கண்டித்து வந்தது. வழக்குகள் மலைபோற் குவிந்து, விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடக் கண்ட சட்ட ஆணையம், 1991இலும் 1996இலும் 2001இலும் இதற்குப் பரிந்துரை செய்தது. அதன் பயனாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21-அ என்னும் புதிய அத்தியாயம் சேர்க்கப்பெற்று, 2006 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாளினின்று பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வழங்கிவருகிறது. இதன் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகள் இப்பேரத்தைப் பற்றியவை. அந்நாளுக்கு முன்னரே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடைபெறும்.

எல்லா வழக்குகளிலும் இப்பேரம் செல்லாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை ஆகியவற்றுக்குரிய குற்றங்கள் இதில் அடங்கா. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றங்களும், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிப்பனவென்று மத்திய அரசு அறிவித்த சட்டங்களின்கீழ் வரும் குற்றங்களும் விலக்கப்பட்டவை. அதே குற்றத்துக்கு முன்பே தண்டனை பெற்றவருக்கும் இவ்வழி இல்லை. செம்மரக் குற்றங்களுக்குரிய தண்டனையை ஆந்திர அரசு 2016இல் சட்டத் திருத்தத்தால் கடுமையாக்கியுள்ளது. ஆகவே ஒருவர்மீது எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகியுள்ளது, குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் நாள் யாது, அந்நாளில் அப்பிரிவுக்கு உச்சத் தண்டனை எவ்வளவு என்ற மூன்றையும் வழக்குரைஞரிடம் முதலில் கேட்டறிதல் வேண்டும். ஏழாண்டுக் கோட்டைத் தாண்டிய வழக்கில் 'பேரம் பேசித் தருகிறேன்' என்று யாரேனும் கூறினால், அஃது இச்சட்டத்தில் இல்லாத பேரம்.

இனி, தகுதியுள்ள வழக்கில் இது நடைபெறும் முறையைப் பார்ப்போம். குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குற்றஞ்சாட்டப்பட்டவர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இக்காலவரம்பு புதிய சட்டத்தில் வந்தது. விண்ணப்பத்துடன் ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்க்க வேண்டும். தாம் தம் விருப்பப்படியே விண்ணப்பிப்பதாகவும், அக்குற்றத்துக்குரிய தண்டனையின் தன்மையையும் அளவையும் அறிந்தே விண்ணப்பிப்பதாகவும் அதில் அவர் உறுதி கூறுகிறார். அதன்பின் நீதிபதி அவரை மூடிய அறையில் தனியாக வினவுவார். அரசுத் தரப்பினர் அப்போது அங்கே இருத்தலாகாது. எவருடைய அச்சுறுத்தலும் தூண்டுதலுமின்றி அவர் தாமே வந்தாரா என்பதை அறிவதே அவ்வினவலின் நோக்கம். நீதிபதி மனநிறைவு கொண்டால், இரு தரப்பும் ஏற்கத்தக்க முடிவைப் பேசித் தீர்மானிக்க 60 நாட்களுக்கு மேற்படாத காலம் தருவார். பேச்சு கூடாவிட்டால் வழக்கு, விண்ணப்பம் கொடுத்த கட்டத்திலிருந்தே தொடர்ந்து நடக்கும். விண்ணப்பத்தில் கூறியவற்றை வேறெந்தக் காரியத்துக்கும் பயன்படுத்துதல் கூடாது.

பேச்சு கூடினால் கிடைக்கும் சலுகை என்ன? பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு குறிக்கப்படும். சட்டம் இடந்தரும் வழக்குகளில், நன்னடத்தையின் பேரில் விடுவிக்கவும் நீதிமன்றம் எண்ணலாம். சிறைத்தண்டனையானால், குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்டுள்ள குற்றத்தில் அதன் பாதி. மற்றக் குற்றங்களில் உச்சத் தண்டனையின் நான்கில் ஒரு பங்கு. முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராயின், புதிய சட்டப்படி இவை முறையே நான்கில் ஒன்றாகவும் ஆறில் ஒன்றாகவும் குறையலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். நான்காண்டு வரை சிறை விதிக்கத்தக்க, குறைந்தபட்சம் குறிக்கப்படாத ஒரு குற்றத்தில் முதன்முறை சிக்கியவருக்கு ஆறில் ஒரு பங்கு என்பது எட்டு மாதம். அவர் முன்னரே எட்டு மாதம் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்திருப்பின், அக்காலம் தண்டனையில் கழிக்கப்படும். அன்றே விடுதலை பெறலாம். கைம்மாற்று வாங்கி வழிச்செலவு செய்து மாதந்தோறும் வந்துபோகும் மனைவி மக்களுக்கு இது தேனினும் இனிய செய்தியாக இருப்பதில் வியப்பில்லை.

இத்தேனுக்குரிய விலை 295ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் அது 265-ஜி என்னும் பிரிவு. இம்முறையில் வழங்கப்பட்ட தீர்ப்பே முடிவானது; அதன்மீது எந்த நீதிமன்றத்திலும் அப்பீல் கிடையாது என்று அப்பிரிவு விதிக்கிறது. சாதாரணமாக மாஜிஸ்திரேட்டின் தீர்ப்புக்கு மேலே செஷன்ஸ் நீதிமன்றமும், செஷன்ஸ் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மேலே உயர் நீதிமன்றமும் உள்ளன அல்லவா? அந்தப் படிக்கட்டுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. 'சாட்சி பொய்', 'அன்று நான் அவ்விடத்திலேயே இல்லை', 'தண்டனை அதிகம்' என்று பின்னர்ச் சென்று முறையிட அங்கே ஏறுபடி இல்லை.

ஆயினும் இரண்டு சிறு வாயில்களைச் சட்டம் திறந்து வைத்துள்ளது. ஒன்று, அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின்படி தில்லியில் உச்ச நீதிமன்றத்தில் தனி அனுமதி வேண்டும் மனு. மற்றொன்று, 226, 227ஆம் பிரிவுகளின்படி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் ரிட் மனு. சித்தூர், திருப்பதி வழக்குகளாயின் 2019 ஜனவரி முதல் அமராவதியில் இயங்கும் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கே அம்மனு செல்ல வேண்டும். இவை அப்பீலைப் போன்றவை அல்ல. அப்பீல் உரிமை, தனி அனுமதி நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. ரிட் மனுவைக் கேட்கும் நீதிபதிகள் சாட்சியத்தை மீண்டும் எடைபோட்டுப் பார்க்க முற்படுவதில்லை. சட்டம் வகுத்த முறை மீறப்பட்டதா என்பதே அவர்கள் முன்னுள்ள கேள்வி. விலக்கப்பட்ட குற்றத்தில் பேரம் நடந்திருந்தாலோ, ஒப்புதல் அச்சுறுத்திப் பெறப்பட்டிருந்தாலோ, தனியறையில் வினவவேண்டிய நீதிபதி வினவாமலே விட்டிருந்தாலோ, சட்டம் இடந்தராத தண்டனை விதிக்கப்பட்டிருந்தாலோ முறையிடுவதற்கு இடமுண்டு. 'குற்றம் செய்யவில்லை' என்று மட்டும் கூறிக்கொண்டு அவ்வாயிலை அணுகுவோருக்கு நம்பிக்கை குறைவு.

இங்கே ஒரு வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பேரம் எதுவுமின்றி, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டியவுடன் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கூறித் தண்டனை பெறுவதும் உண்டு. அங்கேயும் 'குற்றவாளி' என்ற முடிவை எதிர்த்து அப்பீல் இல்லை. ஆனால் மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ தண்டித்திருந்தால், தண்டனையின் அளவைக் குறித்தும் அது சட்டப்படி செல்லுமா என்பதைக் குறித்தும் அப்பீல் செய்யலாம். இவ்வுரிமை புதிய சட்டத்தின் 416ஆம் பிரிவிலும் பழைய சட்டத்தின் 375ஆம் பிரிவிலும் உள்ளது. மூன்றாவதாக, சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளத்தக்க சில குற்றங்களில் இரு தரப்பும் இணங்கிவிட்டால், அது விடுதலைத் தீர்ப்பின் பயனையே தரும். இம்மூன்றையும் 'ராஜி' என்ற ஒரே சொல்லால் குறிப்பது நீதிமன்ற வாசலில் கேட்கக்கூடிய பேச்சு. சமாதானத்தில் ஒருவர் குற்றமற்றவராக வெளிவருகிறார். பேரத்திலோ தண்டிக்கப்பட்டவராகவே வெளிவருகிறார். அக்கறை பின்னொரு வழக்கில் முன்தண்டனையாக எதிரே வந்து நிற்கும். அதே குற்றத்தில் மறுபடியும் பேரம் பேசவும் இயலாது. ஆகவே 'ராஜி' என்று எவரேனும் கூறினால், 'எந்தப் பிரிவின்படி ராஜி?' என்று உடனே கேட்டல் நலம்.

அப்பீலை அடைத்தது முற்றிலும் கொடுமையென்று கருதிவிட வேண்டா. அதற்கு மறுபக்கமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த திப்பசாமி என்பவரின் வழக்கை வழக்குரைஞர்கள் இன்றும் எடுத்துக் கூறுவர். இலேசான தண்டனையோடு முடியும் என்ற உறுதியை நம்பி அவர் கர்நாடகத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் மேல் நீதிமன்றத்தில் அவருடைய தண்டனை உயர்த்தப்பட்டது. நம்பவைத்து ஒப்புக்கொள்ளச் செய்தபின் தண்டனையைக் கூட்டுவது, உயிரையும் உரிமையையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு முரணாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. இன்றைய சட்டப்படி அப்பீல் கதவு அரசுத் தரப்புக்கும் சேர்த்தே அடைபடுகிறது. பேரம் முடிந்தபின் 'தண்டனை போதாது' என்று அரசு அப்பீல் செய்ய இயலாது. மெய்யாகவே குற்றம் செய்தவருக்கு, முடிந்தது முடிந்தபடியே நிற்கும் என்னும் இவ்வுறுதி ஒரு பாதுகாப்பாகும்.

குற்றம் செய்யாதவர் நிலை வேறு. அவர் சிறையினின்று வெளியேற வேண்டும் என்ற ஒரே ஆவலால் கையொப்பம் இடுவாராயின், இழப்பு முழுவதும் அவருடையதே. அவ்வெளியேற்றத்துக்கு வேறு வழிகளும் உள்ளன என்பதைப் பலர் அறியார். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத வழக்கில், உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும். முதன்முறைக் குற்றவாளியாயின் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலே போதும். இது புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு. ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலிருந்தால் இவ்விதி உதவாது என்பதையும் உடன் அறிய வேண்டும். முன்சொன்ன நான்காண்டுக் குற்றத்தில் மூன்றில் ஒன்று என்பது பதினாறு மாதம்; பேரத்தின் எட்டு மாதத்தைவிட நீண்டதுதான். ஆனால் அப்படி வெளிவருபவர் குற்றவாளியென்ற பெயரின்றி வருகிறார். வழக்காடும் உரிமையையும் அப்பீல் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்.

விசாரணை என்பது வெறும் காலக்கழிவு அன்று என்பதற்குத் திருப்பதியே சான்று. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொலை வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருநூற்றுவருக்கு மேல் சேர்க்கப்பட்டனர். ஈராண்டுக்கு மேற்பட்ட விசாரணைக்குப்பின் 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்களென விடுவித்தது. கொலை வழக்காதலின் அங்கே பேரத்துக்கு இடமில்லை. ஆயினும் சாட்சியத்தைச் சோதித்துப் பார்த்த பின்னரே உண்மை தெரியவரும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகிறது. பேரத்தில் அச்சோதனையே நிகழ்வதில்லை.

பேரம் பெருவழக்காக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே மத்திய நீதிமன்றங்களில் தண்டிக்கப்படுவோருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் குற்றத்தை ஒப்புக்கொண்டே தண்டனை பெறுகின்றனர். அப்பீல் உரிமையைக் கைவிடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதும் உண்டு. 2019இல் கார்சா என்பவரின் வழக்கில், அவ்வாறு எழுதிக்கொடுத்தவரும் 'அப்பீல் மனுக் கொடுங்கள்' என்று கேட்டால் வழக்குரைஞர் மறுத்தல் தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிக்கொடுத்த கைவிடுகை எல்லாவற்றையும் விழுங்கிவிடாது என்பதே அதன் கருத்து. அங்கே ஒப்பந்தம் செய்வதை இங்கே சட்டமே செய்துவிடுகிறது. ஆதலால் நம்மவர் பின்னால் வருந்துவதைவிட முன்னால் விழிப்பதே தக்கது.

அவ்விழிப்புக்குரிய இடம் நீதிபதியின் மூடிய அறை. அப்பீலில் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் அவ்வறையிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதே யான் நேயர்களுக்குக் கூற விரும்பும் தலையாய செய்தி. 'என்னை அடித்தார்கள்', 'வக்கீல் சொன்னதனால் கையொப்பமிட்டேன்', 'தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது' என்பனவற்றுள் எது உண்மையோ அதை அச்சமின்றி அங்கே கூறலாம். கேட்டபின் நீதிபதி விண்ணப்பத்தைத் தள்ளுவார், வழக்கு விசாரணைக்குச் செல்லும், நட்டம் ஏதுமில்லை. அவ்வறையில் வாய்மூடியிருந்துவிட்டுப் பின்னர் அமராவதிக்கும் தில்லிக்கும் நடப்பது ஏழைக்கு ஆகும் காரியம் அன்று.

அறையில் பேச மொழி வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்கு விளங்கும் மொழியில் அதனைத் திறந்த நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுகிறது. 'தண்டனையின் தன்மையை அறிந்தேன்' என்று பிரமாணம் செய்பவர், அறியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட்டால் அப்பிரமாணத்துக்கு என்ன பொருள்? எனவே, 'எனக்குத் தெலுங்கு தெரியாது; தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று முதல் நாளே நீதிபதியிடம் கேட்டு, அவ்வேண்டுகோளை வழக்குக் குறிப்பில் பதியச் செய்தல் வேண்டும். உடன்வந்த மற்றொரு கைதியோ காவலரோ சொல்லும் அரைகுறை விளக்கம் மொழிபெயர்ப்பு ஆகாது.

காசில்லாதவருக்கு வழக்குரைஞர் ஏது என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் அவர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்குரைஞர் பெற உரிமை உண்டு. சிறை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு உறவினர் விண்ணப்பித்தாலும் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம்.

பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களே, இச்சட்டம் உங்கள் ஊர்களுக்கும் ஒன்றே. சித்தூரில் தெலுங்கு நிற்கும் இடத்தில் உங்கள் ஊரில் கன்னடமோ மராத்தியோ இந்தியோ நிற்கும், அவ்வளவே வேறுபாடு. உங்கள் தெருவில், உங்கள் தொழிற்கூடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் வழக்கில் சிக்கினால், அவருடன் நீதிமன்றம் வரை சென்று நான்கு கேள்விகளை அவர் சார்பில் கேளுங்கள்: எந்தப் பிரிவு? உச்சத் தண்டனை எவ்வளவு? ஜாமீனுக்கு வழி உண்டா? கையொப்பமிட்டபின் அப்பீல் உண்டா? இரு மொழி அறிந்த ஒருவர் அரைநாள் கூலியை இழந்து செய்யும் இவ்வுதவி, பின்னர் எந்த மேல் நீதிமன்றமும் திருப்பித் தர இயலாததைக் காத்துத் தரும்.